கடைமடைக் குளத்தில் எது நாட்டு மீன்?

காவிரிக் கடைமடைக் குளங்களில் கிடைக்கும் மீன்களில் எவை நம் மண்ணின் மீன்கள், எவை வெளியிலிருந்து வந்தவை என்று கேட்டிருக்கிறீர்கள். திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, கிணற்று நீரே உப்புக் கரிக்கும் ஒரு கிராமத்தில் பிறந்து வளர்ந்தேன். எங்கள் ஊர்க் குளத்தை வைத்தே சொல்கிறேன்.

கோடையில் குளம் வற்றும்போது போய்ப் பாருங்கள். விரால், குறவை, தேளி, பனையேறிக் கெண்டை எல்லாம் மேலே வந்து காற்றை வாங்கிக்கொண்டு குழம்பிய சேற்று நீரிலும் உயிரோடு இருக்கும். ஈரச் சேறு இருந்தால் போதும், விரால் அதற்குள் புதைந்து கிடந்து அடுத்த மழையைப் பார்த்துவிடும். மேட்டூர் திறந்து கடைசியாகத் தண்ணீர் எட்டிப் பார்க்கும் ஊரில் பிழைக்கத் தெரிந்த மீன்கள் இவை.

பனையேறிக் கெண்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தரங்கம்பாடி டேனிஷ்காரர்களிடம் இருந்த காலத்தில், 1791-ல், டால்டார்ஃப் என்ற அதிகாரி குளத்தங்கரைப் பனைமரத்தில், நீர்மட்டத்துக்கு ஐந்தடி உயரத்தில் இந்த மீனைப் பிடித்ததாக எழுதினார். அது மரம் ஏறி நான் பார்த்ததில்லை. ஆனால் முதல் மழையன்று, செவுள் மூடியின் முட்களை ஊன்றி ஊன்றி வரப்பைத் தாண்டிப் பக்கத்து வயலுக்குள் இறங்கியதைக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

அயிரை, ஆரல், உளுவை, பொடிக் கெண்டை வகைகளும் நம்முடையவைதான். முத்துப்பேட்டைக் காயல் பக்கமிருந்து மடவையும் கொடுவாவும் ஆற்றில் ஏறி வரும்.

இனி வந்தவை. பலரும் நாட்டு மீன் என்றே நம்பி வாங்கும் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கை போன்ற வடநாட்டு ஆறுகளின் மீன்கள். தேங்கிய குளத்தில் இவை இனம் பெருக்குவதில்லை. ஒவ்வொரு முறையும் பொரிப்பகத்திலிருந்து குஞ்சு வாங்கி விட வேண்டும். அதனால் இவற்றின் மேல் எனக்கு வருத்தமில்லை. வெள்ளிக் கெண்டையும் புல் கெண்டையும் 1959-ல் வந்தவை. ஜிலேபி என்று நாம் சொல்லும் திலாப்பியா வேறு ரகம். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இது 1952-ல் இந்தியாவுக்குள் வந்தது. பெண் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும். பிடித்துக் கரையில் போட்டால் வாயிலிருந்து குஞ்சுகள் உதிரும். உப்பு நீரும் தாங்கும் என்பதால் கடைமடையில் அதற்கு எல்லை என்று ஒன்றில்லை. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க 2000-ல் அரசு தடை விதித்தது. ஆனாலும் சந்தையில் அதைப் பார்க்கிறேன்.

எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. மீன் வளர்ப்பில் விரால், குறவையைக் கொன்றுண்ணி மீன் என்பார்கள், பொடிக் கெண்டையைக் களை மீன் என்பார்கள். கட்லா குஞ்சு விடுவதற்கு முன் இவற்றை ஒழிக்க இலுப்பைப் புண்ணாக்கைக் கரைத்து ஊற்றுவார்கள். எங்கள் குளத்தைக் குத்தகை எடுத்தவரும் அப்படித்தான் செய்தார். மறுநாள் காலையில் படித்துறையெங்கும் வெள்ளை வயிறுகள். செஞ்சாந்து கொட்டியதுபோல் பெரிய விராலோடு திரிந்த விரால் குஞ்சுக் கூட்டத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்ததற்குக் களை என்று பெயர்!

குத்தகை ஏலத்தின்போது நான் கேட்பது ஒன்றுதான். புண்ணாக்குப் போடுவதற்கு முந்திய நாள் ஊர்க்காரர்களை ஊத்தாவோடு, அதாவது மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் கூடையோடு, இறங்க விடுங்கள். சாப்பாட்டுக்குப் போக மிஞ்சியதை வடிவாய்க்காலில் விட்டுவிடுகிறோம். சென்ற ஆண்டு ஒத்துக்கொண்டார்கள். இரண்டு தவலை நிறையக் குறவையும் தேளியும் கொண்டுபோய் விட்டோம். தேளி முள் குத்திய விரல் மறுநாள்வரை கடுத்தது.