போராட்டக்காரர் நிருபர் ஆகலாமா?

கேள்வி: இந்தோனேசியப் பத்திரிகையாளர் அஹ்மத் தௌஃபிக்கைச் சென்ற இதழில் மிகவும் பாராட்டியிருந்தீர்கள். அவர் பாண்டுங்கில் படித்த காலத்தில் மாணவப் போராளி. கொடி பிடித்தவர் எப்படி நடுநிலை நிருபர் ஆக முடியும்?

பதில்: எதற்கும் எதற்கும் நடுவில் நிற்கச் சொல்கிறீர்கள்? 1994 ஜூன் 21 அன்று, அப்போதைய இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோவின் அரசு ‘தெம்போ’, ‘எடிட்டர்’, ‘தெத்திக்’ என்ற மூன்று வார இதழ்களை ஒரேயடியாக மூடியது. கிழக்கு ஜெர்மனியின் பழைய போர்க்கப்பல்களை வாங்கியதில் அமைச்சர்களுக்குள் எழுந்த தகராறை ‘தெம்போ’ எழுதியிருந்தது. தௌஃபிக் அங்கே நிருபர். அரசு அங்கீகரித்த ஒரே பத்திரிகையாளர் சங்கமோ, தடையைப் புரிந்துகொள்வதாகச் சொல்லி ஒதுங்கிக்கொண்டது. நடுநிலை என்று நீங்கள் சொல்வது இதைத்தானா?

ஆகஸ்ட் 7 அன்று போகோர் அருகே சிர்னகாலியில் பத்திரிகையாளர்கள் கூடி, சுயேச்சையான கூட்டணி ஒன்றைத் தொடங்கினார்கள். தௌஃபிக் அதன் முன்னணியில் இருந்தார். உரிமம் இல்லாமலே ‘இண்டிபெண்டன்’ என்ற ஏட்டைக் கொண்டுவந்தார்கள். கேட்டிருந்தாலும் யார் கொடுத்திருப்பார்கள்? 1995 மார்ச்சில் தௌஃபிக் கைது. அரசின் மீது பகைமையைத் தூண்டினார் என்று வழக்குப் போட்டார்கள். முதலில் 32 மாதம் தண்டனை. மேல்முறையீட்டில் அது மூன்று ஆண்டாகக் கூடியது. கூட்டணியின் அலுவலக உதவியாளராக இருந்த பதின்வயதுப் பையனுக்கும் 20 மாதம் சிறை. எழுதியவர்களைப் பிடித்தார்கள், சரி. அந்தப் பையன் என்ன செய்தான்? இதைப் படித்து இத்தனை வருடமாகியும் எனக்கு மனசு ஆறவில்லை.

அப்புறம் நடந்ததையும் கேளுங்கள். 1998-ல் சுகார்த்தோ விழுந்தார், ‘தெம்போ’ மீண்டும் வந்தது, தௌஃபிக் பழையபடி செய்தி எழுதப் போனார். 2003-ல், ஜகார்த்தாவின் தனா அபாங் சந்தையில் நடந்த தீ விபத்தை ஒட்டி ஒரு பெரும் தொழிலதிபரைப் பற்றிய கட்டுரை வெளியானது. அவருடைய ஆதரவாளர்கள் பத்திரிகை அலுவலகத்துக்கே வந்து தாக்கினார்கள். அடி வாங்கியவர்களில் தௌஃபிக்கும் ஒருவர். அந்தக் கட்டுரையிலேயே தொழிலதிபரின் மறுப்பும் அச்சாகியிருந்தது, ஐயா. குற்றம் சாட்டப்பட்டவர் சொன்னதையும் போடுவதுதானே நீங்கள் கேட்கும் நடுநிலை? அந்தக் கட்டுரைக்காகவே தௌஃபிக்கும் தலைமை ஆசிரியரும் இன்னொருவரும் கூண்டில் நின்றார்கள். தௌஃபிக் விடுதலையானார். தலைமை ஆசிரியருக்கு விதித்த ஓராண்டுத் தண்டனையை 2006-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.