புது மிசின் போட்டும் நெல் ஆலையில் உற்பத்தி கூடவில்லை, எங்கே பிழை?

அம்பாறையில் குடும்பமாக ஆலை நடத்துகிறீர்கள், பெரிய குற்றும் மிசின் ஒன்று வாங்கிப் போட்டும் நாளுக்கு வெளியே போகும் அரிசி மூட்டை கூடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். மிசினில் பிழை இருக்காது. சம்மாந்துறைப் பக்கம் ஒரு ஆலையில் ஆறு வருடம் மேற்பார்வை பார்த்தவன் நான், அங்கேயும் இதேதான் நடந்தது.

புழுங்கல் அரிசி என்றால் நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்து, அதற்குப் பிறகுதான் குற்றுகிறோம். ஒரு பேச்சுக்கு, உங்கள் பொயிலர் நாளுக்கு 10 தொன் அவிக்கும், களம் 6 தொன் காயவைக்கும், பழைய மிசின் 8 தொன் குற்றும் என்று வையுங்கள். வெளியே போவது 6 தொன் நெல்லின் அரிசிதான். மிசினை 16 தொன்னாக மாற்றினாலும் அதே 6 தான், கூடுதலாக மிசின் பாதி நாள் சும்மா நிற்கும்.

அவித்த நெல்லில் ஏறத்தாழ 35 சதவீதம் ஈரம் இருக்கும், குற்றுவதற்கு அது 14க்கு இறங்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 1000 கிலோ ஈர நெல்லில் இருந்து 240 கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாகிப் போக வேண்டும். வெயிலை நம்பிக் காயவைக்கிற ஆலையில் பெரும்பாலும் இடறுவது இந்த இடம்தான். ஆனால் நான் சொன்னேன் என்று எடுக்க வேண்டாம், நாளைக்குப் பத்து மணிக்கு ஆலையை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். எந்த இடத்துக்கு முன்னால் நெல் குவிந்து கிடக்கிறதோ, அதற்கு அடுத்த இடத்தில் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்களோ, அதுதான் இடறுகிற இடம்.

சரி, களம்தான் என்று வைத்துக்கொள்வோம். எங்களுக்கு வெயில் ஏழு மணிக்கே வந்துவிடும், ஆனால் முந்தின நாள் மூட்டைகள் ஒன்பது மணி வரை களத்திலேயே கிடக்கும், ஏனென்றால் தூக்குகிற ஆட்கள் முதலில் லொறிக்குப் போவார்கள். அவர்களை முதலில் களத்துக்கு அனுப்பினோம், தினமும் இரண்டு மணி நேர வெயில் மிஞ்சியது. நெல்லைத் தடிப்பாகக் கொட்டாமல் 2 முதல் 4 சென்ரிமீற்றர் உயரத்துக்குப் பரப்பி, அரை மணிக்கு ஒரு தடவை கிளறவும் ஆள் ஒதுக்கினோம். பல்லில் கடித்துப் பார்க்கிற பழக்கத்தை விட்டு ஈரம் அளக்கும் கருவி வாங்கியபோதுதான், மூன்று மணிக்கே காய்ந்த நெல்லை மாலை வரை வெயிலில் விட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. அதிகம் காய்ந்த நெல் குற்றும்போது உடைந்து குறுணலும் ஆகிறது, அது இரட்டை நட்டம்.

இதைவிடக் கஷ்டமானது பொயிலரைக் குறைக்கச் சொல்வது. களத்தில் நெல் கிளறும் அக்கா ஒருவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, களம் காலியாகாம நீங்க அவிச்சு அவிச்சுக் கொட்டினா நாங்க எங்க பரப்புற?" அவர் கேட்டது முழுக்கச் சரி. பரப்ப இடம் இல்லாமல் குவிந்து கிடந்த ஈர நெல் புளித்து மணந்து, அரிசி நிறம் மாறி விலை இறங்கியது. அன்றிலிருந்து அடுத்த நாள் களம் தாங்கும் அளவுக்கு மட்டும் ஊறப்போட்டோம். பொயிலர் சும்மா கிடக்கிறதே என்று முதலாளி கோபப்பட்டார், ஆனால் இரண்டு கிழமையில் மணத்த அரிசி என்று திரும்பி வந்த மூட்டை நின்றதும் அவரே ஒத்துக்கொண்டார்.

எலியாகு கோல்ட்ராட் என்ற இஸ்ரேலிய இயற்பியலாளர் 1980களில் இதைத் தொழிற்சாலைகளுக்கு ஒரு ஒழுங்காகச் சொன்னார்: இடறும் இடத்தைக் கண்டுபிடி, அதில் ஒரு நிமிடமும் வீணாகாமல் பார், மற்ற வேலைகளை அதன் வேகத்துக்கு இசைய வை, அதற்குப் பிறகும் போதாவிட்டால் காசு செலவழி. நீங்கள் கடைசிப் படியில் இருந்து தொடங்கியிருக்கிறீர்கள், அதுவும் வேறு இடத்தில்.

காசு போட வேண்டி வந்தால் உலர்த்தும் மிசினுக்குப் போடுங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் நம் பக்கத்துக் களம் நாள்கணக்கில் படங்குக்குக் கீழேதான் கிடக்கும். நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி, அதையே எரித்துச் சூடு எடுக்கலாம். அது வந்த பிறகுதான் உங்கள் புது மிசினுக்கு முழு வேலை கிடைக்கும், அப்போது குவியல் தரம் பிரிக்கிற இடத்துக்கோ மூட்டை கட்டுகிற இடத்துக்கோ நகரும், மறுபடி சுற்றிப் பார்க்க வேண்டும்.

இப்போதைக்குப் பெரும்போக நெல் வந்து இறங்கும் முன் ஒரு கிழமைக்கு, களத்தில் நெல் பரப்பிய நேரத்தையும் அள்ளிய நேரத்தையும் மட்டும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.