அது வயிற்றோட்டம் இல்லை, அம்மா

கோண்டாவிலில் இருந்து ஒரு தாய் கேட்கிறார்: மகனுக்கு 7 வயது. சில மாதமாக உள்ளுடுப்பில் கக்கா பட்டிருக்கிறது, பகலிலும் காற்சட்டை நனைகிறது. வயிற்றோட்டம் என்று அம்மம்மா மாதுளங்கோது அவித்துக் கொடுக்கிறா. அடித்தும் பார்த்தாச்சு. என்ன செய்வது?

முதலில் மாதுளங்கோதை நிறுத்துங்கள். அப்புறம் அடியையும். இது பெரும்பாலும் நாட்பட்ட மலச்சிக்கல்.

பள்ளிக்கூட மலசலகூடத்துக்குப் போகப் பிடிக்காமல் பிள்ளை அடக்குகிறான். மலம் இறுகுகிறது, போகும்போது நோகிறது, நோவுக்குப் பயந்து இன்னும் அடக்குகிறான். நாளடைவில் மலக்குடல் ஊதித் தளர்ந்த பலூன் போலாகி, மலம் வந்து நிற்கும் உணர்வே மங்கிவிடும். இறுகிய கட்டியைச் சுற்றி, மேலிருந்து வரும் இளகிய மலம் ஒழுகும். அவனுக்குத் தெரியாது, மணமும் பழகிப்போயிருக்கும். மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பொத்தும்போது அவன் முழிப்பது நடிப்பில்லை. வீங்கிய குடல் சலப்பையை அமுக்குவதால் காற்சட்டையும் நனைகிறது.

வைத்தியரிடம் காட்டுங்கள். தேங்கியதை வெளியேற்ற முதலில் மருந்து தருவார். அந்த நாட்களில் ஒழுகல் கூடலாம். விடுமுறையில் தொடங்கினால் பிள்ளைக்கு மானம் போகாது. பிறகு லக்டியூலோஸ் போன்ற, மலத்தை இளக்கும் பாணி, தினமும். எங்கள் வீடுகளில் பிழை விடுவது இங்கேதான். இரண்டு கிழமை ஒழுங்காகப் போனதும் போத்திலை மூடிவைத்துவிடுகிறோம். குடல் பழைய நிலைக்கு வர மாதக்கணக்காகும். மருந்துக்குக் குடல் பழகிவிடும் என்ற பயமும் வேண்டாம். குறைப்பதை வைத்தியர் சொல்லட்டும்.

சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குள் 5 முதல் 10 நிமிடம் மலசலகூடத்தில் இருத்துங்கள். காலை அவதியில் சரிவராது. ரியூசன் முடிந்து இராச் சாப்பாட்டுக்குப் பிறகு வசதி. குந்தும் மலசலகூடம் நல்லதே. கொமட் என்றால் கால் தொங்காமல் பலகையோ கவிழ்த்த வாளியோ வையுங்கள், முழங்கால் இடுப்புக்கு மேலே நிற்கும். ஒன்றும் வராவிட்டாலும் இருந்ததற்குப் பாராட்டுங்கள். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை சலம் கழிக்க விடும்படி ரீச்சரிடம் சொல்லிவையுங்கள். பப்பாசி, முருங்கையிலை, குரக்கன், தண்ணீர் எல்லாம் உதவும். ஆனால் இந்தக் கட்டத்தில் சாப்பாடு மட்டும் போதாது.

பிறந்து 48 மணித்தியாலத்துக்குள் முதல் மலம் போகாத பிள்ளையென்றால், நிறை குறைந்தால், நடை மாறினால், முதுகின் அடியில் குழியோ மயிர்க்கற்றையோ தெரிந்தால், அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வயிறு உப்பி வாந்தி எடுத்தால், அல்லது காய்ச்சலோடு சலம் எரிந்தால், கிளினிக் திகதிக்குக் காத்திராமல் அன்றே கூட்டிப் போங்கள்.