ஏழு வயது மகளின் பிடிவாதம் குறித்து

சகோதரிக்கு வணக்கம். பத்து வயதினருக்கான நூல்களைத் தடையின்றி வாசிக்கும் உங்கள் ஏழு வயது மகள், ஒரே வகைக் கணக்கை இருபது முறை எழுத மறுப்பதையும், காலணி அணிவதற்குக்கூட வாதிடுவதையும் விவரித்து, அவளை ஒரு வகுப்பு மேலே ஏற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

நானும் உங்களைப் போலத் தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்தில்தான் வசிக்கிறேன். என் மகன் ஆறு வயதில் கணக்குத் தாளில் முதல் விடையை மட்டும் எழுதிவிட்டு, பின்பக்கத்தில் டர்பனுக்குச் செல்லும் பேருந்தின் வழித்தடத்தை நிறுத்தம் தவறாமல் வரைந்திருந்தான். ஆசிரியை அதை அடங்காமை என்றார், அது சலிப்பு என்று எனக்குப் புரிய ஓராண்டு பிடித்தது.

இத்தகைய குழந்தைகளுக்கு அறிவு வளரும் வேகத்தில் மனம் வளர்வதில்லை என்பதால், வாதத்தில் நம்மை வென்றவளே அடுத்த நிமிடம் செருப்பு வார் அறுந்ததற்குத் தேம்பி அழுவாள். வகுப்பேற்றம் தீங்கானதன்று, எனினும் அதற்கு முன், கடினமான ஐந்து கணக்குகளைப் பிழையின்றிச் செய்தால் மீதியை விட்டுவிடலாமா என்று ஆசிரியையிடம் கேட்டுப் பாருங்கள்.

வீட்டில் உறக்க நேரம், காரில் இருக்கைப் பட்டி போன்ற சிலவற்றை மட்டும் விவாதத்துக்கு அப்பாற்பட்டவையாக வைத்து, காரணத்தை ஒரே முறை சொல்லிவிட்டு, மற்றவற்றில் அவளே தேர்ந்தெடுக்க விடுங்கள். "கெட்டிக்காரி" என்ற புகழ்ச்சியையும் குறையுங்கள்: அமெரிக்காவில் 1998இல் வெளியான, உளவியலாளர்கள் ம்யூலர், டுவெக் செய்த ஆய்வில், அறிவுக்காகப் புகழப்பட்ட பிள்ளைகளே தோல்விக்குப் பின் விரைவில் தளர்ந்தனர். (பாட்டியின் வாயை அடைப்பதுதான் எங்கள் வீட்டில் இன்றுவரை முடியவில்லை.) பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் அடிக்கடி வயிற்று வலி என்றால் மட்டும், மருத்துவரிடம் காட்டிவிட்டு, கல்வி உளவியலாளரையும் தாமதமின்றிப் பாருங்கள்.