புது ஹெவி டிரைவரை வேலைக்கு எடுப்பது: லாரி உரிமையாளர்கள் கேட்டவை

சங்ககிரி, மூணு லாரி வெச்சிருக்கவர்: ஒரு பையன் ஹெவி லைசன்ஸ் எடுத்து ரெண்டு மாசம்தான் ஆச்சுங்க. கோயம்புத்தூர் லைன்ல அந்தப் பையனைப் போடலாமுங்களா?

போடலாமுங்க, தனியா மட்டும் அனுப்பாதீங்க. அதுக்கு முன்னாடி லைசன்ஸைச் சரிபாருங்க, ஜெராக்ஸை நம்ப வேண்டாம். மத்திய அரசோட சாரதி இணையதளத்துல லைசன்ஸ் நம்பரும் பிறந்த தேதியும் போட்டா, எந்தெந்த வண்டிக்கு அனுமதின்னு வந்துடும். டிரான்ஸ்போர்ட்டுக்கு, அதாவது லாரி மாதிரி தொழில் வண்டிக்கு, செல்லுபடித் தேதி தனியா இருக்கும், 5 வருசம்தான். கார், பைக் தேதியைப் பார்த்துட்டு இதைக் கோட்டை விடறவங்கதான் அதிகம். அது முடிஞ்சிருக்கும்போது விபத்து நடந்தா, இன்சூரன்ஸ்காரங்க நஷ்டஈட்டைக் கட்டிட்டு அந்தப் பணத்தை உரிமையாளர்கிட்ட வசூல் பண்ணக் கேஸ் போடுவாங்க.

கோபிசெட்டிபாளையம்: கிளீனர் தம்பிக்கு 19 வயசு. ஹெவி எடுக்க முடியுங்களா?

20 முடியணுங்க. அதோட, கார் லைசன்ஸ் வாங்கி ஒரு வருசம் ஆகியிருந்தாத்தான் ஹெவிக்கு எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) கிடைக்கும். அதனால கார் லைசன்ஸை இப்பவே எடுத்து வைக்கச் சொல்லுங்க. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சின்ன லாரியை அந்த லைசன்ஸ்லயே ஓட்டலாம்னு 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 20 முடிஞ்ச பிறகு பழகறதுக்கு அது நல்ல வண்டி.

பெருந்துறை: ஓட்டிப் பார்க்கும்போது எதைங்க கவனிக்கிறது?

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி என்ன பண்றார்னு பாருங்க. வண்டியைச் சுத்தி வந்து டயர், வீல் நட்டு, தார்ப்பாய்க் கயிறு பார்க்கிறாரா? பிரேக்குக்கு வேண்டிய ஏர் ஏறி, எச்சரிக்கை சத்தம் நின்ன பிறகுதான் வண்டியை நகர்த்தறாரா? அடுத்தது ரிவர்ஸ். குடோன் வாசல்ல பின்னால தெரியலேன்னா நிறுத்தி இறங்கிப் பார்த்துட்டு வர்றவரை யோசிக்காம எடுங்க. "தெரியும், தெரியும்"னு ஒரே மூச்சுல உள்ள விடறவர்தான் சுவத்தை இடிப்பார். காலி வண்டியோட நிறுத்திடாதீங்க. லோடு ஏறின வண்டி நிக்கறதுக்கு எவ்வளவு தூரம் வேணும்னு அவருக்குப் பிடிபட்டிருக்கான்னு பார்க்கிறதுதான் உண்மையான சோதனை.

ராசிபுரம்: எந்த வரிசையிலங்க பழக்கறது?

பக்கத்துல அனுபவப்பட்ட டிரைவர் எப்பவும் இருக்கணும். முதல்ல பகல்ல காலி வண்டி, அப்புறம் பகல்ல லோடு. பவானி, பெருந்துறை, அவிநாசி வழியா நேர் ரோட்டுல கை படிஞ்ச பிறகு மலை இறக்கம். ராத்திரி ஓட்டம் கடைசி. 27 கொண்டை ஊசி வளைவு இருக்கிற திம்பத்துக்குப் புதுசா வந்தவரை அனுப்பவே கூடாது.

தொப்பூர் கணவாய்ல, தர்மபுரி பக்கமிருந்து சேலத்துக்கு இறங்கும்போதுதான் ஆபத்து. மேடு ஏறறதுக்கு எந்த கியர் வேணுமோ அதே கியர்ல இறங்கணும். எக்ஸாஸ்ட் பிரேக் (புகையை அடைச்சு இன்ஜினாலயே வேகத்தைக் குறைக்கிறது) போட்டு, கால் பிரேக்கை விட்டு விட்டுத்தான் மிதிக்கணும். நியூட்ரல்ல விட்டா இன்ஜின் பிடிப்பே இருக்காது, பாரம் முழுக்கப் பிரேக் மேல விழுந்து டிரம் சூடேறி, அப்புறம் மிதிச்சாலும் பிடிக்காது. இன்ஜினை ஆஃப் பண்ணா இன்னும் மோசம். ஏர் ஏறாது, பவர் ஸ்டீயரிங்கும் இறுகிடும்.

இதுல உரிமையாளருக்கும் பங்கு இருக்குங்க. டீசல் மிச்சம் பண்ணா தனிப் பணம்னு புது ஆளுக்குச் சொன்னா, அவர் நியூட்ரல்ல இறக்கத்தான் பார்ப்பார். முதல் வருசம் அந்தப் பேச்சையே எடுக்காதீங்க.

நாமக்கல்: கேஸ் டேங்கருக்குப் புது ஆள்?

வேண்டாமுங்க. அபாயகரப் பொருளுக்கு 3 நாள் தனிப் பயிற்சியும் லைசன்ஸ்ல அதுக்கான பதிவும் வேணும், அந்தப் பதிவுக்கு 3 வருசம்தான் ஆயுசு. காகிதம் சரியா இருந்தாலும், டேங்கருக்குள்ள திரவம் அலம்பி வண்டியைத் தள்றதைச் சமாளிக்க சாதா லோடுல நல்லாப் பழகியிருக்கணும்.

திருச்செங்கோடு: அட்வான்ஸ் வாங்கிட்டு ஓடிடறாங்க. ஒரிஜினல் லைசன்ஸை வாங்கி வெச்சுக்கலாமுங்களா?

கூடாதுங்க. லைசன்ஸ் டிரைவரோடது, ரோட்டுல கேட்டா அவர்தான் காட்டணும். பெரிய அட்வான்ஸைக் குறைச்சு, சம்பளம் மாசாமாசம் பேங்க்ல, பேட்டா டிரிப் முடிஞ்ச அன்னிக்கேன்னு கொடுங்க. லோடு இறக்கக் காத்துக் கிடக்கிற நாளுக்கும் பேட்டா உண்டான்னு சேரும்போதே எழுதிக் கொடுத்துடுங்க. ஆள் ஓடறதுக்குப் பாதிச் சண்டை அந்தக் காத்திருக்கிற நாள் காசுலதான் ஆரம்பிக்குது.