கேளுங்கள், சொல்கிறோம்: ஆயாவோடு ஒரு சனிக்கிழமை

கேள்வி: வீட்டில் ஆறு பேர். ஆயாவுக்கு 74 வயது. ஒரு சனிக்கிழமை காலையில் கிளம்பி, அலைச்சல் இல்லாமல் நல்ல சிற்பமும் ஓவியமும் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். தஞ்சாவூர் என்றால் பாதிப் பொழுது வண்டியிலேயே போய்விடுகிறது. பக்கத்தில் எங்கே போகலாம்?
– வாசகி, காரைக்குடி

பதில்: புதுக்கோட்டைக்குப் போங்கள். திருமயம் வழியாகச் சுமார் 40 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். முற்பகலில் திருக்கோகர்ணத்து அரசு அருங்காட்சியகம், பிற்பகலில் சித்தன்னவாசல். இந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள்.

அதற்கு முன் காலண்டரைப் பாருங்கள். அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. நீங்கள் கேட்பதே சனிக்கிழமை என்பதால் இதில்தான் மாட்டிக்கொள்வீர்கள். மற்ற நாட்களில் காலை 9.30க்குத் திறக்கிறார்கள்.

1910இல், சமஸ்தான காலத்தில் தொடங்கிய அருங்காட்சியகம் இது. பாடம் செய்த விலங்குகள், கனிமக் கற்கள், ஆயுதங்கள், முதுமக்கள் தாழி என்று எல்லாம் கலந்து கிடக்கும். பிள்ளைகள் விலங்குகளை விட்டு நகர மாட்டார்கள். ஒருவர் அவர்களோடு இருக்கட்டும். மற்றவர்கள் கண் களைக்கும் முன்பே கற்சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் பார்த்துவிடுங்கள். செப்புத் திருமேனியை நேரே நின்று மட்டும் பார்த்தால் போதாது. ஒரு பக்கமாக நகர்ந்து இடுப்பின் வளைவையும், முடிந்தால் முதுகையும் பாருங்கள். செய்தவன் கை அங்கேதான் தெரியும். நாணயப் பகுதியில் அம்மன் காசைத் தேடுங்கள். புதுக்கோட்டை சமஸ்தானத்தின் சொந்தக் காசு. ஒரு புறம் பிரகதாம்பாள், மறுபுறம் தெலுங்கில் ‘விஜய’. மிகச் சிறியதாக இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் எளிதில் தவறிவிடும். ஒன்றரை மணி நேரம் போதும்.

சாப்பாட்டைப் புதுக்கோட்டையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். சித்தன்னவாசல் அங்கிருந்து சுமார் 16 கிலோமீட்டர், அன்னவாசல் சாலையில். பஸ்ஸை நம்பினால் இறங்கியபின் வெயிலில் நடக்க வேண்டியிருக்கும். ஆயா வருவதால் வண்டி வைத்துக்கொள்வதே நல்லது.

இப்போது வரிசைக்கான காரணம். சித்தன்னவாசலில் ஓவியங்கள் உள்ள அறிவர் கோயில் மேற்குப் பார்த்த சமணக் குடைவரை. காலையில் அது மலையின் நிழலில் கிடக்கும். மூன்று மணிக்கு மேல்தான் வெளிச்சம் உள்ளே திரும்பும். பலர் காலையில் போய், “ஒன்றுமே தெரியவில்லை, எல்லாம் அழிந்துவிட்டது” என்று சொல்லித் திரும்புகிறார்கள். பாதி உண்மைதான், நிறைய உதிர்ந்திருக்கிறது. மீதிப் பாதி அவசரம். வெயிலில் இருந்து உள்ளே நுழைந்ததும் கண் இருட்டும். பத்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். பிறகு விதானத்தில் தாமரைக் குளம் மெல்ல மேலே வரும்: இலை, மொட்டு, விரிந்த பூ, நடுவே மீன், அன்னம், எருமை, யானை, பூப்பறிக்கும் மனிதர்கள். இது அழகுக்காக வரைந்த வெறும் குளமன்று. சமண ஞானியான தீர்த்தங்கரர் உபதேசிக்கும் சபைக்குச் சமவசரணம் என்று பெயர்; அந்தச் சபையின் பொய்கை இது என்பார்கள். முன்தூண்களில் ஆடும் பெண்கள் இருவர்; அவர்களின் கைவீச்சைத் தவறவிடாதீர்கள். வெள்ளைக்குச் சுண்ணாம்பு, கறுப்புக்குக் கரி, சிவப்புக்கும் மஞ்சளுக்கும் காவிமண்.

ஒரு சின்ன யோசனை: கைக்கண்ணாடி ஒன்று எடுத்துப் போங்கள். இடுப்பு உயரத்தில் மல்லாத்திப் பிடித்தால் விதானம் அதில் தெரியும், கழுத்து வலிக்காது. ஆயாவுக்கு இது கட்டாயம் வேண்டும்.

வெளியே பாறையில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததைச் சொல்வது. முகப்பில் நிற்கும் தூண்கள் மட்டும் அந்தக் காலத்தவை அல்ல. இருபதாம் நூற்றாண்டில் குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்து நட்டவை.

கேள்வி: மலைமேல் சமணர் படுக்கையும் உண்டாமே, அதையும் சேர்த்துக்கொள்ளலாமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: ஏழடிப்பட்டம் என்று அதற்குப் பெயர். பாறையில் வெட்டி வழவழப்பாக்கிய 17 படுக்கைகள், ஒன்றில் தமிழ் பிராமி எழுத்து. நல்ல இடம்தான். ஆனால் ஏற்றம் இருக்கிறது. நண்பகலுக்குப் பிறகு பாறை அடுப்புக்கல்லாகக் காயும். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே இருக்கட்டும், பூங்கா உண்டு. அதைப் பார்த்தே தீரவேண்டும் என்றால் இன்னொரு நாள் காலையில் முதலில் ஏறிவிடுங்கள். ஒரே நாளில் ஓவியத்துக்கு மாலை, படுக்கைக்குக் காலை, நடுவில் அருங்காட்சியகம் என்று திட்டமிட்டால் யாருக்கும் மூச்சு இருக்காது.

கேள்வி: போகிற வழியில் திருமயம் கோட்டை, திரும்பும்போது ஆத்தங்குடி தரைக்கல் (டைல்ஸ்) பட்டறை. முடியுமா?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: திருமயம் கோட்டையைச் சாலையிலிருந்து பார்த்துக்கொண்டே போங்கள், இறங்காதீர்கள். ஆத்தங்குடிக்கு வேறு நாள், அதுவும் வேலை நாள். கண்ணாடிமேல் அச்சு வைத்து, நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கட்டம் கட்டமாக ஊற்றி, அச்சைத் தூக்குவதுதான் பார்க்க வேண்டிய இடம். கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடியால் வருவது. மாலையில் போனால் தண்ணீர்த் தொட்டியில் ஊறும் கல்லைத்தான் பார்ப்பீர்கள்.

கேள்வி: குகைக்குள் போட்டோ எடுக்கலாமா?

பதில்: உள்ளே இருக்கும் காவலரைக் கேளுங்கள். அவர் சரி என்றாலும் பிளாஷ் வேண்டாம். தூணில் சாயவும் வேண்டாம். உங்கள் சட்டையில் ஒட்டி வருவது ஆயிரம் வருடத்து வண்ணமாக இருக்கலாம்.