தஞ்சாவூரா, திருவாரூரா, நீலக்குடியா?

கேள்வி: எனக்கு 36 வயது. கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் எட்டு வருடமாகப் பாடம் எடுக்கிறேன். இப்போது திருவாரூர் பக்கம் நீலக்குடியில் இருக்கும் மத்தியப் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்திருக்கிறது. ஜூலையில் சேர வேண்டும். கணவர் ஐ.டி.யில் இருக்கிறார், வீட்டிலிருந்தே வேலை. மகள் மூன்றாம் வகுப்பு போகிறாள். அம்மாவும் எங்களோடுதான், சர்க்கரை, முழங்கால் வலி இரண்டும் உண்டு. ஏப்ரலில் ஒருநாள் ஊரைப் போய்ப் பார்த்தோம். வெயில் தாங்கவில்லை. வளாகத்தைச் சுற்றி வயலும் ஆறும்தான். திருவாரூரிலோ ஒன்பது மணிக்கெல்லாம் கடைத்தெரு அடங்கிவிட்டது. 'தஞ்சாவூரில் வீடு எடுத்துவிடலாம், நீ போய் வந்துகொள்' என்கிறார் கணவர். அம்மா 'எந்த ஊராக இருந்தால் என்ன, தண்ணி நல்லா இருக்கணும்' என்கிறார். எனக்கு ஒரு முடிவும் எடுக்க முடியவில்லை. நாங்கள் எங்கே குடியேறலாம்?
— பெயர் வேண்டாம், கோவை

பதில்: முதலில் வாழ்த்துகள். இந்தக் காலத்தில் மத்தியப் பல்கலைக்கழக வேலை சும்மா கிடைப்பதில்லை. வெயிலைப் பார்த்து அதை விட்டுவிடாதீர்கள்.

இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. என் கணவருக்கு வங்கி வேலை. திருவாரூர் தனி மாவட்டமானது 1997-ல். அதற்கடுத்த வருடம் அவருக்கு அங்கே மாற்றலாகி, நான்கு வருடம் இருந்தோம். அப்போது பல்கலைக்கழகம் கிடையாது. காலேஜ் என்றால் திரு.வி.க. அரசு கலைக் கல்லூரிதான். மத்தியப் பல்கலைக்கழகம் 2009-ல் வந்தது. போன வருடம் ஒரு கல்யாணத்துக்காகப் போனபோது, டீக்கடையில் பக்கத்து பெஞ்சில் மலையாளம், எதிர் பெஞ்சில் இந்தி. நடுவில் மாஸ்டர் மட்டும் எல்லோருக்கும் ஒரே தமிழில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஊர் மாறியிருக்கிறது. ஆனால் அந்த ஊரில் குடியிருக்கத் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் மாறவில்லை. அது தண்ணீர். உங்கள் அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. என்ன, அவர் குடிக்கிற தண்ணீரைச் சொல்கிறார், நான் கொல்லையில் வந்து நிற்கிற தண்ணீரையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கணவரின் யோசனையை முதலில் முடித்துவிடுகிறேன். தஞ்சாவூர் வேண்டாம். போக 60 கிலோமீட்டர், வர 60 கிலோமீட்டர். எங்கள் காலத்தில் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் நின்றால் இறங்கி ஒரு காபி குடித்துவிட்டு நிதானமாக வந்து ஏறலாம். சாலை எவ்வளவு நன்றாக இருந்தாலும், தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் கழிக்கிறவர் ஆறாவது மாதத்தில் வேலையை வெறுத்துவிடுவார். வீட்டிலேயே இருக்கப்போகிற கணவரின் வசதிக்காக வெளியே போகிற நீங்கள் அலைய வேண்டுமா? இதை நான் சொன்னேன் என்றே அவரிடம் சொல்லுங்கள்.

நீலக்குடியும் முதல் வருடத்துக்கு வேண்டாம் என்பேன். வளாகத்துக்குள்ளேயே குடியிருப்பு கிடைத்தால் கதை வேறு; விண்ணப்பம் கொடுத்து வையுங்கள். வளாகத்துக்கு வெளியே அது கிராமம். வெட்டாறு, வயல், கேட்டை நம்பி முளைத்த கடைகள், அவ்வளவுதான். மே மாதம் பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டால் அந்தக் கடைகளில் பாதி மூடிக்கிடக்கும். சர்க்கரை உள்ள அம்மாவையும் சின்னப் பெண்ணையும் வைத்துக்கொண்டு ராத்திரி ஒரு மாத்திரைக்கு அலைய முடியாது. திருவாரூர் டவுனில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மருந்துக்கடை இருக்கிறது, ரயில் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் சுமார் 58,000 பேர் இருந்த ஊர். கோவைக்காரர்களுக்கு அது ஒரு பேட்டை மாதிரித் தோன்றும். தோன்றட்டும்.

ஆக, டவுன். டவுனில் எந்த வீடு? இங்கேதான் நான் ஏமாந்தேன்.

நாங்கள் வீடு பார்த்தது மே மாதத்தில். கொல்லையில் இரண்டு தென்னை, ஒரு நார்த்தை, துவைக்கிற கல், கிணறு. எனக்கு அந்தக் கொல்லையைப் பார்த்ததும் வேறெதுவும் கண்ணில் படவில்லை. 'மழைக்குத் தண்ணி நிக்குமா?' என்று வீட்டுக்காரரைக் கேட்டோம். 'சேச்சே, வந்த வேகத்துல வடிஞ்சிரும்' என்றார். ஐப்பசி கடைசியில் நான்கு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் காலையில் துவைக்கிற கல்லைக் காணவில்லை, தண்ணீருக்கடியில் இருந்தது. குளியலறை மூலையில் ஒரு தண்ணீர்ப் பாம்பு சுருண்டு கிடந்தது. பக்கத்து வீட்டு அம்மா வந்து பார்த்துவிட்டு, 'இது ஒண்ணும் செய்யாது. கட்டுவிரியன்னா சொல்லுங்க, ஆளை அனுப்பறேன்' என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ஒரு வாரம் தூக்கம் இல்லை. வீட்டுக்காரர் சொன்னது பொய்யும் இல்லை. தண்ணீர் வடியத்தான் செய்தது, பன்னிரண்டு நாளில்!

நீங்கள் ஜூலையில் சேர்கிறீர்கள். ஐப்பசி, கார்த்திகையைப் பார்த்துவிட்டு வீடு பிடிக்க உங்களுக்கு நேரமில்லை. அதனால் வெயில் நாளிலேயே மழையைப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். காம்பவுண்டுச் சுவரின் அடியைப் பாருங்கள். புதிதாக வெள்ளை அடித்திருந்தாலும் ஒரு உயரம் வரைக்கும் பூச்சு பொரிந்து உப்புப் பூத்திருக்கும். அங்கே தண்ணீர் வந்து நின்றிருக்கலாம் என்று அர்த்தம். அடுத்தது, தெருவிலிருந்து வீட்டுக்குள் போக எத்தனை படி? அந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் திண்ணையை உயர்த்திக் கட்டியது உட்கார்ந்து பேசுவதற்காக மட்டும் இல்லை. இப்போதோ, பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு, எத்தனையோ வீடுகள் ரோட்டுக்குக் கீழே போய்விட்டன. வாசலில் இறங்கிப் போகிற வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். மாடி போர்ஷன் நல்லதுதான், ஆனால் அம்மாவின் முழங்காலுக்கு ஆகாது. மூன்று நான்கு படி ஏறிப் போகிற கீழ் வீடாகத் தேடுங்கள். படிக்குக் கைப்பிடி இல்லையென்றால் நீங்களே ஒன்று போட்டுக்கொள்ளலாம்.

தண்ணீர் எதுவரை வரும் என்று தரகரிடம் கேட்காதீர்கள். அந்தத் தெருவில் துணி தேய்க்கிறவரிடம், பூக்காரம்மாவிடம் கேளுங்கள். '2018-ல கஜா வந்தப்ப இங்கே எப்படி இருந்துச்சு?' என்று ஆரம்பித்தால் போதும். நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலை அடித்த புயல் அது. எந்த மரம் எந்த வீட்டின் மேல் விழுந்தது, கரண்ட் எத்தனை நாள் கழித்து வந்தது, எல்லாம் சொல்வார்கள்.

குடிக்கிற தண்ணீருக்கு வருகிறேன். சிறுவாணி குடித்து வளர்ந்த நாக்குக்கு உலகத்தில் எந்தத் தண்ணீரும் பிடிக்காது, அதை ஒப்புக்கொண்டுவிடுங்கள். குழாய்த் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, போர் தண்ணீர் எப்படி என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வந்து, தங்கியிருக்கிற இடத்தில் ஒரு கைப்பிடி துவரம்பருப்பைப் போட்டு வேகவைக்கச் சொல்லுங்கள். பருப்பு கல்லாகவே கிடந்தால் அது துவைக்க மட்டும்தான். அம்மாவிடம் இந்தச் சோதனையை ஒப்படைத்தால் சந்தோஷமாகச் செய்வார்.

கணவரின் வேலைக்கு: வீட்டைப் பேசி முடிப்பதற்கு முன்னால், சாயங்காலம் ஏழு மணிக்கு அந்த வீட்டுக்குள் நின்று அவர் ஒரு வீடியோ கால் பேசிப் பார்க்கட்டும். ஃபைபர் இணைப்பு அந்தத் தெருவுக்கு வந்திருக்கிறதா என்பதையும் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்ளட்டும். இன்வெர்ட்டர் கட்டாயம். மாதாந்திரப் பராமரிப்பு என்று பேப்பரில் போடுகிற நாளில் காலையில் போகிற கரண்ட் சாயங்காலம்தான் வரும். அன்றைக்கு மீட்டிங் வைத்துக்கொள்ள வேண்டாம்.

மகளுக்குப் பல்கலைக்கழக வளாகத்திலேயே கேந்திரிய வித்யாலயா இருக்கிறது. இடம் இருக்கிறதா என்று இன்றைக்கே விசாரியுங்கள். கிடைத்தால் நீங்களும் அவளும் சேர்ந்தே போய் வரலாம்.

இன்னொன்று, எழுதக் கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கிறது. வீடு பார்க்கப் போகும்போது சிலர், 'நீங்க என்ன ஆளுங்க?' என்று நேராகவே கேட்பார்கள். சிலர் 'சைவமா?' என்று சுற்றிக் கேட்பார்கள். கோவையில் கேட்பதில்லையா என்றால், கேட்கிறார்கள்தான். சின்ன ஊரில் தப்பிக்க இடம் குறைவு. நான் அப்போது பதில் சொல்லித்தான் வாடகைக்கு வீடு பிடித்தேன், இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. நீங்கள் அந்த வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீடு பாருங்கள். வெளியூர்களிலிருந்து வந்து குடியேறுகிறவர்கள் கூடக் கூட, கேட்காமல் வீடு கொடுக்கிறவர்களும் கூடியிருக்கிறார்கள் என்று அங்கிருக்கும் என் தோழி சொல்கிறாள்.

வாங்குவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். போய் இறங்கிய மூன்றாவது மாதம் யாராவது ஒருவர் மனை காட்ட வருவார். 'யுனிவர்சிட்டி வந்தாச்சு மேடம், விலை எங்கேயோ போகப் போகுது' என்பார். கொடி நட்டு, கல் நட்டு வைத்திருக்கும் அந்த இடம் போன வருடம் வரை சம்பா நட்ட வயலாக இருந்திருக்கலாம். டெல்டாவில் வாய்க்கால் வேறு, வடிகால் வேறு. வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுவரும், வடிகால் கொண்டுபோகும். மனை போடுகிறவர்கள் தூர்ப்பது பெரும்பாலும் வடிகாலை. பிறகு தண்ணீர் போக இடமில்லாமல், புது வீட்டிலோ பக்கத்து வயலிலோ நிற்கும். டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) கொடுக்கிற அங்கீகாரத் தாள் அதைச் சொல்லாது. இரண்டு மழைக்காலம் பார்க்காமல் ஒரு சென்ட் கூட வாங்காதீர்கள். இப்போதைக்குப் பதினோரு மாத ஒப்பந்தம் போதும்.

'வயலும் ஆறும்தான்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஏப்ரலில் பார்த்தால் அப்படித்தான் இருக்கும், அறுத்துப்போட்ட வயலும் மணல் ஆறும். மேட்டூரை வழக்கமாகத் திறக்கிற நாள் ஜூன் 12. அணை நிரம்பி நேரத்துக்குத் திறந்த வருடமாக இருந்தால், நீங்கள் பெட்டி படுக்கையோடு போய் இறங்கும்போது ஆற்றில் தண்ணீர் ஓடும். மார்கழியில் சம்பா கதிர் முற்றி நிற்கும்போதே ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள். தையில் நெல்லை அறுத்ததும் தாளுக்கு நடுவே பயறு பச்சையாக எழுந்து நிற்கும். அந்த மாதத்தில் ஸ்கூட்டர் ஓட்டும்போது மட்டும் கவனம், ரோட்டில் பாதி நெல் காயும். ஒதுங்கித்தான் போக வேண்டும், ஹாரன் அடித்துப் பயனில்லை.

ஒன்பது மணிக்குக் கடைத்தெரு அடங்குவது உண்மை. அதற்கு முன்னால் ஊரில் இருப்பதைப் பாருங்கள். சாயங்காலம் தியாகராஜர் கோயில் குளமான கமலாலயத்தின் படிக்கட்டில் போய் உட்காருங்கள். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்று அங்கே சொல்வார்கள்; வேலி என்பது பழைய நில அளவு. சும்மா சொன்னது என்று நினைத்திருந்தேன், ஒருநாள் நான்கு கரையும் சுற்றி நடந்தபோது கால் சொன்னது. தியாகராஜர் கோயிலில் பஞ்சமுக வாத்தியம் என்று ஐந்து முகம் உள்ள ஒரு தாள வாத்தியம் இருக்கிறது. அது வாசிக்கும் வேளையை விசாரித்து மகளை ஒருநாள் கூட்டிப்போங்கள். சங்கீத மும்மூர்த்திகள் மூன்று பேரும் பிறந்த ஊர் அது. அவளுக்குப் பாட்டில் ஆசை இருந்தால் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்கும். கோவையிலிருந்து சொந்தக்காரர்கள் அந்தக் கோயிலின் பெரிய தேரான ஆழித்தேரைப் பார்க்க வருகிறோம் என்றால் மட்டும், முன்கூட்டியே லாட்ஜில் ரூம் சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் தேரன்று உங்கள் வீட்டு ஹால்தான் லாட்ஜ்.

இன்னொரு தடவை போய்விட்டு வந்து முடிவெடுங்கள். ஆனால் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற மாதிரி இல்லை. வேலை நாளாகப் பார்த்து இரண்டு ராத்திரி தங்குங்கள். எட்டு மணிக்குப் பஸ் ஸ்டாண்டிலிருந்து நீலக்குடிக்குப் போகும் டவுன் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள், உட்கார இடம் கிடைக்கிறதா, எத்தனை நிமிஷம் ஆகிறது என்று. திரும்பி வர கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று நடத்துநரிடமே கேளுங்கள். பல்கலைக்கழகப் பஸ் ஊழியர்களுக்கு உண்டா என்பதை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த முறை அம்மாவையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்களும் கணவரும் வீட்டுக்குள் ஜன்னல், ஸ்விட்ச் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவரை வாசல் திண்ணையில் உட்காரவைத்துவிடுங்கள். எதிர் வீட்டு அம்மா வந்து 'எந்த ஊருங்க?' என்று கேட்பார். மீதியை உங்கள் அம்மா பார்த்துக்கொள்வார்.